பெங்களூரு அலுவலகத்துக்கு ஏற்ற காபி இயந்திரம் எது?

பெங்களூரின் மகாதேவபுராப் பகுதியில் உள்ள எங்கள் அலுவலகத்தில் ஏறத்தாழ 60 பேர் வேலை செய்கிறோம். பெரும்பாலானோர் சேலம், கோவை, திருச்சி என்று தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். சிலர் அல்சூரிலும் சிவாஜிநகரிலும் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். வாடகைக்கு வைத்திருந்த பிரீமிக்ஸ் இயந்திரத்தின் ஒப்பந்தம் முடியும் நிலைக்கு வந்தபோது, அதை நீட்டிப்பதா, வேறொன்றை வாங்குவதா என்று ஆராயும் பொறுப்பு என்னிடம் வந்தது. விற்பனையாளர்களின் காட்சிக்கூடங்களில் ஒவ்வொரு வகையையும் பார்த்த பிறகு, பொருத்தமாகத் தோன்றியவற்றை அலுவலகத்துக்கே வரவழைத்து, எங்கள் தண்ணீரிலும் எங்கள் பாலிலும் ஓட்டிப் பார்த்தோம்.

விற்பனையாளர் தரும் கையேட்டில் பெரிய எழுத்தில் இருப்பது, திரையைத் தொட்டால் எத்தனை வகைப் பானங்கள் கிடைக்கும் என்பதுதான். கப்புசினோ, லாட்டே, மக்கியாட்டோ என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. நம்மவர்கள் குடிக்கும் காபிக்கு அந்தப் பட்டியலால் ஏறக்குறைய எந்தப் பயனும் இல்லை என்பதே என் முடிவு. பால் எவ்வளவு சூடாக வருகிறது, எந்தத் தண்ணீர் உள்ளே போகிறது, 11 மணிக்கு எத்தனை பேர் ஒரே நேரத்தில் வந்து நிற்கிறார்கள், மாலையில் அதைக் கழுவப்போகிறவர் யார் என்ற கேள்விகளுக்கு விடை கிடைத்துவிட்டால், எந்த வகை இயந்திரம் வேண்டும் என்பது தானே தெரிந்துவிடும்.

ஒப்பிட்டுப் பார்க்க எங்களுக்கு ஓர் அளவுகோல் இருந்தது. அலுவலகத்துக்கு எதிரே உள்ள தர்ஷினியில், அதாவது நின்றபடியே சாப்பிடும் பெங்களூரு வகைச் சிற்றுண்டிக் கடையில், பித்தளை ஃபில்டரில் இறங்கிய டிகாக்‌ஷனில் கொதிக்கும் பாலை ஊற்றி, சிறிய டம்ளரில் 100 மில்லிலிட்டருக்குச் சற்றுக் கூடுதலாகத் தருகிறார்கள். எங்கள் ஊழியர்கள் இயந்திரத்தை விட்டுவிட்டுச் சாலையைக் கடந்து அங்கே போகிறார்கள் என்றால், அலுவலகக் காபியில் எது குறைகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

முதலில் பிரீமிக்ஸ் இயந்திரத்தைப் பற்றி நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். பால் பவுடர், சர்க்கரை, இன்ஸ்டன்ட் காபித் தூள் ஆகியவை ஏற்கெனவே கலந்த பொடியைச் சூடான தண்ணீரில் அடித்துத் தரும் இந்த இயந்திரம், ஒரு கோப்பையைச் சில விநாடிகளில் முடித்துவிடுகிறது. ஃபிரிட்ஜ் தேவையில்லை, பால் கெட்டுப்போகும் கவலை இல்லை, இரவுப் பணியில் ஆளில்லாமலும் ஓடும். ஆனால் சர்க்கரை பொடியிலேயே இருப்பதால், நீரிழிவு உள்ளவருக்குச் சர்க்கரை இல்லாத பொடியைத் தனிக் கலத்தில் வைத்தாக வேண்டும். கலக்கும் கிண்ணத்திலிருந்து எழும் நீராவி பொடி விழும் வாயில் படிந்து கட்டி தட்டுகிறது. நாள்தோறும் கழற்றிக் கழுவாவிட்டால் அங்கே புளித்த வாடை வந்துவிடும். சுவையில் அது காபியின் பெயரைச் சொல்லும் இனிப்புப் பால். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க முடியாது.

கஃபேக்களில் காணும் செமி ஆட்டோமேட்டிக் எஸ்பிரெஸ்ஸோ இயந்திரம் அழகானது. 1961-இல் இத்தாலியின் ஃபயேமா நிறுவனம் வெளியிட்ட இ61 என்ற மாதிரி, கைநெம்புகோலுக்குப் பதிலாக மின்பம்பைக் கொண்டு 9 பார் அழுத்தத்தைச் சீராகக் கொடுத்துக் காட்டியது; இன்றைய கஃபே இயந்திரங்கள் பலவும் அந்த வழியில் வந்தவையே. ஆனால் அரைப்பின் நுண்மையைப் பார்த்துத் திருத்தி, தூளை அழுத்தி, 25 முதல் 30 விநாடிகளில் சாறு இறங்குகிறதா என்று கவனிக்க ஒரு பயிற்சி பெற்ற கை வேண்டும். அந்தக் கையை வேலைக்கு அமர்த்த முடியாத அலுவலகம் இதை வாங்கக் கூடாது. ஒரு கோப்பைக்கான தூளை அடைத்த சிறு குப்பியைப் போட்டு இயக்கும் காப்ஸ்யூல் இயந்திரம் 10 பேருக்குக் குறைவான அறைக்கு ஏற்றது. 60 பேருக்கு ஒவ்வொரு நாளும் சேரும் அலுமினிய, பிளாஸ்டிக் காப்ஸ்யூல்களுக்குள் ஈரக் கழிவும் உலர் கழிவும் ஒன்றாக இருப்பதால், தரம் பிரித்துக் கொடுப்பதைக் கட்டாயமாக்கியுள்ள இந்த ஊரில் அது தினசரித் தொல்லையாகிவிடும்.

எஞ்சியது பீன் டு கப் எனப்படும் முழுத் தானியங்கி வகை. மேலே உள்ள கலத்திலிருந்து கொட்டையை எடுத்து, அப்போதே அரைத்து, ஓர் அறைக்குள் பிஸ்டனால் அழுத்தி, 90 முதல் 96 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள நீரை அதனூடே செலுத்தி, சாற்றைக் கோப்பையிலும் சக்கையை உள்ளே உள்ள பெட்டியிலும் தானே தள்ளிவிடுகிறது. யூரா, ஃபிராங்கே ஆகிய சுவிட்சர்லாந்து நிறுவனங்களும் ஜெர்மனியின் டபிள்யூஎம்எஃப் நிறுவனமும் இந்த வகைக்குப் பெயர் பெற்றவை. கையேடுகளில் காணும் 15 பார், 19 பார் போன்ற எண்களைக் கண்டு யாரும் மயங்க வேண்டாம். அவை பம்பின் உச்சத் திறனைக் குறிப்பவை, காபி இறங்குவதற்குத் தேவைப்படுவதோ ஏறத்தாழ 9 பார்.

இந்த வகையை அலுவலகத்தில் ஓட்டியபோது கறுப்புக் காபி அருமையாக வந்தது. பால் காபியைத்தான் பெரும்பாலோர் பாதியிலேயே வைத்துவிட்டார்கள். காரணம் இயந்திரத்தின் பழுதன்று, அதன் வடிவமைப்பிலேயே உள்ள ஒரு கொள்கை. ஐரோப்பிய இயந்திரங்கள் பாலை 60 முதல் 65 டிகிரி வரை மட்டுமே சூடாக்கி நுரைக்கின்றன. 70 டிகிரிக்கு மேல் போனால் நுரை உடைந்து, பாலின் இனிமை குறைந்து, காய்ந்த பாலின் வாடை வந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. கப்புசினோவுக்கு அது முற்றிலும் சரியான கணக்கு. ஆனால் நமக்கு அந்தக் காய்ந்த பாலின் வாசனைதான் காபியின் பாதி. டபராவில் ஆற்றிக் குடிக்கப் பழகிய ஒருவரின் கையில் வெதுவெதுப்பான நுரைக் கோப்பையைக் கொடுத்தால், எவ்வளவு உயர்ந்த கொட்டையாக இருந்தாலும் அவருக்கு அது ஆறிப்போன காபிதான். சில மாதிரிகளில் பாலின் வெப்பத்தைச் சற்று உயர்த்த அமைப்பு உண்டு. அப்படி உயர்த்தியும் தர்ஷினியின் சூடு வரவில்லை.

இரண்டாவது இடைவெளி சிக்கரி. இந்த இயந்திரம் கொட்டையைத்தான் அரைக்கும். சிக்கரியோ தூளாகவே கிடைக்கிறது. அரைத்த தூளைப் போடுவதற்கென்று சில மாதிரிகளில் இருக்கும் தனி வாயில் ஒவ்வொரு கோப்பைக்கும் கரண்டியால் அளந்து போட வேண்டும். தவிரவும், தண்ணீரில் பெருமளவு கரைந்துவிடும் சிக்கரி, நுண்ணிய வடிகட்டியையும் அழுத்தத்தையும் கொண்ட அறைக்குள் பிசுபிசுப்பாகப் படிந்து அடைத்துக்கொள்ளும். ஃபில்டரில் மெல்ல மெல்லச் சொட்டவைத்து டிகாக்‌ஷனுக்குக் கனம் கொடுக்கும் அதே குணம் இங்கே இடைஞ்சலாகிவிடுகிறது. சிக்கரி இல்லாமல் அந்தக் கனத்தை எப்படிக் கொண்டுவருவது என்பதில்தான் நாங்கள் அதிக நேரம் செலவிட்டோம்.

விடை ரோபஸ்டா என்ற காபிக்கொட்டை வகையில் கிடைத்தது. இந்தியக் காபியில் ஏறத்தாழ 70 விழுக்காடு கர்நாடகத்தில் விளைவது. காபி வாரியத்தின் தலைமையகமும் இந்த நகரில்தான் இருக்கிறது. சிக்கமகளூரு, குடகுத் தோட்டங்களின் கொட்டையை வாரந்தோறும் வறுத்துத் தரும் கடைகளுக்கும் இங்கே குறைவில்லை. நுட்பமான மணத்துக்குப் பிளான்டேஷன் ஏ ரக அராபிகாவும், கசப்புக்கும் கனத்துக்கும் நன்கு பதப்படுத்திய ரோபஸ்டாவும் சரிபாதியாகச் சேர்த்த கலவையே எங்களுக்குப் பிடித்துப்போனது. அராபிகாவை மட்டும் போட்டபோது பாலில் மணம் கரைந்து காணாமல் போனது. மிகக் கறுப்பாக வறுத்து எண்ணெய் மினுங்கும் கொட்டையைத் தவிர்க்க வேண்டும். அந்த எண்ணெய் கலத்திலும் அரவைப் பற்களிலும் ஒட்டிக்கொண்டு, கொட்டை கீழே இறங்காமல் செய்துவிடும். நடுத்தரத்துக்குச் சற்று மேலான வறுவல் போதும். அதோடு இயந்திரத்தின் கோப்பை அளவையும் மாற்ற வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வரும்போது அது 180 மில்லிலிட்டர் கோப்பைக்கு அமைக்கப்பட்டிருக்கிறது. நாங்கள் சாற்றை 35 முதல் 40 மில்லிலிட்டருக்குள் நிறுத்தி, 80 மில்லிலிட்டர் பால் சேர்க்கும்படி வைத்தோம். பை டூ, அதாவது ஒரு காபியை இருவருக்குப் பாதியாகக் கேட்பவர்களுக்கும் அந்தச் சாறு பாதியாகப் பிரியும்.

இங்கிருந்துதான் எங்கள் தேர்வு திசை மாறியது. சாற்றை மட்டும் இயந்திரத்திடம் வாங்கிக்கொண்டு, பாலை அதனிடமிருந்து பிரித்துவிடுவது என்று தீர்மானித்தோம். உணவகங்களில் பயன்படும், இரட்டைச் சுவர் கொண்ட மின்சார மில்க் பாய்லர் ஒன்றைப் பக்கத்தில் வைத்தோம். சுவர்களுக்கிடையே உள்ள வெந்நீர்தான் பாலைச் சூடாக்குகிறது என்பதால் அடிப்பிடிப்பதில்லை. பாலைக் காய்ச்சி, 85 டிகிரிக்கு மேலான சூட்டில் குழாய் வழியே பிடித்துக்கொள்ளலாம். 4.5 விழுக்காடு கொழுப்புள்ள ஸ்டாண்டர்டைஸ்டு பால், 3 விழுக்காட்டு டோன்டு பாலைவிடத் தெளிவாக நன்றாக இருந்தது. சிக்கரி விட்டுச் சென்ற இடத்தை அந்தக் கொழுப்பு ஓரளவு நிரப்புகிறது. நந்தினிப் பாலகம் கட்டடத்துக்குக் கீழேயே இருப்பதால் காலையும் மாலையும் புதிய பால் வருகிறது. ஒவ்வோர் இடைவேளைக்கும் தேவையான அளவை மட்டும் காய்ச்ச வேண்டும். மணிக்கணக்கில் சூட்டிலேயே கிடக்கும் பால் பழுப்பேறிச் சுவை மாறிவிடும்.

பிரித்ததால் நெரிசல் நேரத்தையும் சமாளிக்க முடிந்தது. நாளொன்றுக்கு 100 கோப்பை, 150 கோப்பை என்று கையேட்டில் இருக்கும் எண்ணை நம்பி வாங்குவது பெரும் தவறு, ஏனென்றால் அலுவலகத்தில் யாரும் நாள் முழுவதும் சீராகப் பரவிக் காபி குடிப்பதில்லை. எங்களிடம் 11 மணிக்கும் 4 மணிக்கும் 20 நிமிடங்களுக்குள் 45 பேர் வருகிறார்கள். பால் பானம் ஒன்றுக்கு அரைக்க, இறக்க, நுரைக்க என்று ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகும். அப்படியானால் 20 நிமிடத்தில் 20 பேருக்குத்தான் கிடைக்கும், மற்றவர்கள் வரிசையில் நிற்க வேண்டும் அல்லது தர்ஷினிக்குப் போக வேண்டும். கறுப்புச் சாற்றை மட்டும் இரட்டைக் குழாயில் இரண்டு கோப்பையாக இறக்கினால் ஒரு சுற்று 45 விநாடிகளில் முடிகிறது. 23 சுற்றுகளுக்கு ஏறத்தாழ 17 நிமிடங்கள் போதும். பாலுக்கு 45 கோப்பைக்கு 3.6 லிட்டர் தேவைப்படுவதால் 5 லிட்டர் பாய்லர் போதுமானது.

இதே கணக்கு இன்னும் இரண்டு விஷயங்களைக் காட்டிக்கொடுக்கும். ஒரு சுற்றுக்கு 15 கிராம் என்றால் ஓர் இடைவேளைக்கு 345 கிராம் கொட்டை வேண்டும். வீட்டு மாதிரிகளின் கலம் 250, 300 கிராம் கொள்ளளவோடு நின்றுவிடுவதால், நெரிசலின் நடுவே இயந்திரம் கொட்டை கேட்டு நின்றுவிடும். சக்கைப் பெட்டியும் அப்படியே. நிறைந்தவுடன் அதைக் காலி செய்யாமல் அடுத்த கோப்பையைத் தராது. இந்த இரண்டு கொள்ளளவையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் யாரும் கையெழுத்திட வேண்டாம். குழாயின் உயரத்தை மாற்ற முடிகிறதா என்றும் உங்கள் டம்ளரையே எடுத்துப்போய்ப் பாருங்கள். உயரத்திலிருந்து சிறிய டம்ளரில் விழும் சாறு தெறிக்கிறது, ஆறியும் விடுகிறது.

இனி தண்ணீர். பெங்களூரில் காபி இயந்திரம் வாங்கும் ஒவ்வொருவரும் இயந்திரத்துக்கு முன்னால் யோசிக்க வேண்டியது இதைத்தான். நகரின் பழைய பகுதிகளுக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து ஏற்றிக் கொண்டுவரும் காவிரி நீர் கிடைக்கிறது. 2024 அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டு, வெளிவட்டத்தின் 110 கிராமப் பகுதிகளுக்கும் நீர் தருவதாகத் திட்டமிடப்பட்டாலும், எங்கள் கட்டடம் இன்னும் ஆழ்குழாய்க் கிணற்றையும் டேங்கரையுமே நம்பியிருக்கிறது. குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயத்தின்படி கடினத்தன்மை, அதாவது கரைந்துள்ள கால்சிய, மெக்னீசிய உப்புகளின் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, மாற்று வழி இல்லாதபோது 600 வரை அனுமதிக்கத்தக்கது. மனிதருக்கு ஒன்றும் செய்யாத அந்தத் தண்ணீர் பாய்லருக்குள் சுண்ணாம்பாகப் படிந்து, வெப்பச் சுருளையும் குறுகலான குழாய்களையும் அடைத்துவிடும். சுண்ணாம்புப் படிவால் ஏற்படும் பழுது உத்தரவாதத்தில் அடங்காது என்று பெரும்பாலான ஒப்பந்தங்களில் எழுதப்பட்டிருக்கும். அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

ஆர்ஓ வைத்துவிட்டால் போதும் என்று பலரும் சொன்னார்கள். போதாது. ஆர்ஓவிலிருந்து வரும் தண்ணீரில் கரைந்த உப்புகள் மிகக் குறைந்துபோனால் காபி தட்டையாகச் சுவைக்கும், உலோகத்தையும் அரிக்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. பாய்லரில் நீர்மட்டத்தை அறியும் கம்பி, தண்ணீர் வழியே மின்சாரம் கடப்பதைக் கொண்டுதான் அளவைத் தெரிந்துகொள்கிறது. உப்பே இல்லாத தண்ணீரில் அது ஏமாந்து, நிரம்பிய பிறகும் நீரை ஏற்றிக்கொண்டே இருக்கக்கூடும். ஸ்பெஷாலிட்டி காபி அசோசியேஷன் வகுத்த அளவில் டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்துள்ளவற்றின் மொத்த அளவு, லிட்டருக்கு 75 முதல் 250 மில்லிகிராம் வரை இருக்கலாம், 150 சிறந்தது. ஆகவே ஆர்ஓ நீரோடு, ஆர்ஓ வழியே போகாமல் வெறுமனே வடிகட்டிய நீரைச் சிறிதளவு கலக்கும் வால்வு வைத்து 120-க்கும் 150-க்கும் இடையே நிறுத்தியிருக்கிறோம். டேங்கர் மாறும்போது தண்ணீரும் மாறுவதால் வாரந்தோறும் அளந்து பார்க்கிறோம். டிடிஎஸ் மீட்டர் காட்டுவது கரைந்த எல்லாவற்றின் மொத்தத்தை மட்டுமே, கடினத்தன்மையைத் தனியாக அன்று. கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுப்பதால் மீட்டரின் எண் ஏறக்குறைய மாறாது. ஆதலால் கடினத்தன்மைக்கான சோதனைத் தாளும் கூடவே வேண்டும்.

மின்சாரத்தைப் பற்றி ஒரே எச்சரிக்கை: எங்கள் இயந்திரம் 2,700 வாட், பாய்லர் 2,000 வாட். இரண்டும் சேர்ந்து 230 வோல்ட்டில் 20 ஆம்பியரைத் தாண்டும். ஒரே 16 ஆம்பியர் இணைப்பில் இரண்டையும் மாட்டக் கூடாது. தனித்தனி இணைப்பு இழுத்துக்கொள்ளுங்கள்.

செலவைப் பற்றி நிர்வாகம் கேட்ட கேள்விக்கு இப்படிக் கணக்குக் காட்டினேன். கொட்டை கிலோ 1,000 ரூபாய், பால் லிட்டர் 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கோப்பைக்கு 7.5 கிராம் கொட்டைக்கு 7.50 ரூபாயும் பாலுக்கு 4 ரூபாயும் ஆகும். பிரீமிக்ஸ் கிலோ 350 ரூபாய் என்றால் 14 கிராமுக்கு 4.90 ரூபாய். கோப்பைக்கு 6.60 ரூபாய் வேறுபாடு. நாளுக்கு 90 கோப்பை, மாதத்துக்கு 22 வேலை நாள் என்றால் கூடுதல் செலவு 13,000 ரூபாய் அளவுக்கு வரும். இந்தத் தொகையை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. என் பார்வையில் அது நியாயமான செலவு: நாளுக்கு இருமுறை 45 பேர் விரும்பிக் குடிக்கும் ஒரு பொருளுக்காக அது செலவாகிறது.

சுத்தம் செய்வதில்தான் பாலைப் பிரித்ததன் முழுப் பயனும் தெரிகிறது. பால் ஓடும் மெல்லிய குழாய்களை ஒவ்வொரு மாலையும் மருந்து கலந்து அலச வேண்டும். ஒருநாள் தவறினாலும் உள்ளே பால் புரதம் ஒட்டிக்கொண்டு கிருமி வளரும். எங்கள் பேன்ட்ரியைக் கவனித்துக்கொள்ளும் அக்கா, வரவழைத்த இயந்திரங்கள் ஒவ்வொன்றையும் கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாத குழாயைச் சுத்தம் செய்துவிட்டோம் என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றார். அவருடைய அந்த ஒரு கருத்துக்கு, விற்பனையாளர்களின் விளக்கங்கள் அனைத்தையும்விட நான் அதிக மதிப்புக் கொடுத்தேன். பாய்லர் பாத்திரத்தை அவர் கண்ணால் பார்த்துத் தேய்க்கிறார். இயந்திரத்தில் மிஞ்சுவது இறக்கும் அறையை வாரம் ஒருமுறை வெளியே எடுத்து அலசுவதும், காபி எண்ணெயைப் போக்கும் மாத்திரையைப் போட்டு ஓட்டுவதும்தான். அந்த அறையைப் பயனரே கழற்ற முடியாதபடி மூடிவைத்திருக்கும் மாதிரிகளை இதனாலேயே ஒதுக்கிவிட்டோம்.

சேவை ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு சொல். எங்களுடைய பழைய வாடகை ஒப்பந்தத்தில், மாதந்தோறும் குறைந்தபட்சம் இத்தனை கிலோ பொடி அவர்களிடமே வாங்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. இயந்திரம் பழுதாகி நின்ற நாட்களுக்கும் அந்த அளவு குறையவில்லை. ஆகவே இம்முறை விலைக்கே வாங்கி, கொட்டை யாரிடம் வேண்டுமானாலும் வாங்கும் உரிமையை வைத்துக்கொண்டோம். ஏஎம்சி எனப்படும் ஆண்டுப் பராமரிப்பில் உதிரி பாகங்களும் அடங்குமா, ஆள் வருவதற்கு மட்டுமே கட்டணமா என்பதைப் பிரித்துக் கேட்க வேண்டும். அரவைப் பற்கள், ரப்பர் வளையங்கள், பம்பு ஆகிய தேயும் பாகங்களின் விலைப்பட்டியலை இணைப்பாக வாங்கிக்கொண்டோம். புகார் கொடுத்த மறுநாளுக்குள் ஆள் வர வேண்டும், பழுது நீடித்தால் மாற்று இயந்திரம் தர வேண்டும் என்பதையும் எழுத்தில் பெற்றோம். இதை எழுதித் தர மறுத்த ஒருவரின் இயந்திரம், சுவையில் முதலிடத்தில் இருந்தும், எங்கள் பட்டியலிலிருந்து நீங்கியது.

இந்த ஏற்பாடு எல்லோருக்கும் பொருந்தாது. பாலைக் காய்ச்சி ஊற்ற இடைவேளையில் ஒருவர் இருந்தாக வேண்டும்; எங்களிடம் மாலை 6 மணிக்கு மேல் தங்குபவர்களுக்குக் கறுப்புக் காபி மட்டும்தான் கிடைக்கிறது. இரவுப் பணி பெரிதாக உள்ள கால் சென்டருக்கு நான் இன்னும் பிரீமிக்ஸையே, சர்க்கரை இல்லாத பொடியோடு, பரிந்துரைப்பேன். 20 பேருக்கும் குறைவான அலுவலகம் என்றால் இயந்திரமே வேண்டாம்: ஒரு பெரிய ஃபில்டரும் அதே மில்க் பாய்லரும் வாங்கி, காலையில் வந்ததும் டிகாக்‌ஷன் போட்டு வைத்துவிடலாம். கும்பகோணத்துக்காரர்கள் கேட்கும் சிக்கரி கலந்த காபியும் அதில் கிடைக்கும். கலவைத் தூளில் குறைந்தது 51 விழுக்காடு காபி இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. உறையில் அச்சிட்டிருக்கும் விகிதத்தைப் படித்து, 80-க்கு 20 கலவையில் தொடங்கிப் பாருங்கள்.